பிங் போகிறது, பக்கம் வரவில்லை

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் என் மாமாவுக்காக, அன்றன்றைய மல்லி, பிச்சி விலையைச் சில்லறை வியாபாரிகளுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பும் சிறிய செயலி ஒன்றை எழுதி, கே.கே. நகரில் எங்கள் வீட்டுப் பழைய லினக்ஸ் கணினியில் டாக்கர் கன்டெய்னராக (தனக்கென நெட்வொர்க்குடன் தனித்து ஓடும் பெட்டிபோல) ஓட்டி வருகிறேன். சென்ற மாதம் இணைய இணைப்பை மாற்றி, அந்தக் கணினியிலிருந்தே நேரடியாகப் பிபிபிஓஇ (பயனர்பெயர், கடவுச்சொல் கொடுத்து இணைய நிறுவனத்தோடு இணையும் முறை) டயல் செய்யும்படி அமைத்தேன். மறுநாள் விடியுமுன்னே மாமா அழைத்துவிட்டார்: "மாப்ளே, ஒருத்தருக்கும் வெல போகலையாம், என்னன்னு பாரு."

கணினியில் இணையம் ஒழுங்காகத்தான் இருந்தது. கன்டெய்னருக்குள் போய் கூகுளின் 8.8.8.8 முகவரிக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனை) கொடுத்தேன்; பதில் வந்தது. அதுவே வராமலிருந்தால் கன்டெய்னரின் போக்குவரத்தைக் கணினி வழியாக வெளியே கடத்தும் ஐபி ஃபார்வர்டிங்கையும், லினக்ஸ் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸின் மாஸ்க்கரேட் விதியையும் பார்த்திருப்பேன். அடுத்து, எல்லோரையும் போல, தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் மீது பழியைப் போட்டேன். ஆனால் கன்டெய்னர் தன் 127.0.0.11 முகவரியில் (டாக்கரின் உள் டிஎன்எஸ்) கேட்ட பெயர்களுக்கெல்லாம் உடனே விடை கிடைத்தது.

வலைப்பக்கத்தைக் கேட்டுப் பெறும் கர்ல் கட்டளையை விரிவான வெளியீட்டுடன் இயக்கியபோதுதான் துப்பு கிடைத்தது. டிசிபி இணைப்பு கிடைத்து, மறையாக்கத்துக்கான டிஎல்எஸ் கைகுலுக்கலின் முதல் செய்தியும் போய்விடுகிறது, அதன்பின் அசைவில்லை. சிறிய தரவுப் பொட்டலங்கள் போய்வருகின்றன, சான்றிதழைச் சுமந்து வரும் பெரிய பொட்டலம் மட்டும் வந்து சேரவில்லை என்றால், எம்டியூவைத்தான் (ஒரு பொட்டலத்தின் அதிகபட்ச அளவு) பார்க்க வேண்டும்.

பிபிபிஓஇ தன் தலைப்புக்கு 8 பைட்டுகளை எடுத்துக்கொள்வதால் அந்த இணைப்பில் 1500-க்குப் பதில் 1492 பைட்டுகளே செல்லும். கணினி இதை அறிந்திருப்பதால், ஐபி, டிசிபி தலைப்புகளின் 40 பைட்டுகள் போக, 'எனக்கு 1452 பைட்டுகளுக்கு மேல் அனுப்பாதே' என்று எதிர்முனைக்குச் சொல்லிவிடுகிறது. கன்டெய்னரின் ஈத்0 எனும் நெட்வொர்க் இடைமுகமோ 1500 என்றே நினைத்துக்கொண்டு 1460 வரை கேட்கிறது. அந்த அளவில் வரும் பொட்டலம் வழியிலேயே கைவிடப்படுகிறது. 'பெரிதாக இருக்கிறது' என்று திரும்பிப் போகும் ஐசிஎம்பி செய்தியை ஏதோ ஒரு ஃபயர்வால் விழுங்கிவிட்டால், அனுப்பிய சர்வருக்குக் காரணமே தெரியாது. துண்டாக்கத் தடை விதித்து, கன்டெய்னரிலிருந்து பிங்கின் அளவை மாற்றிப் பார்த்தேன்: 1464 போனது, 1472 போகவில்லை. தலைப்புகளின் 28 பைட்டுகளைக் கூட்டினால் முறையே 1492, 1500.

பின்னணியில் ஓடும் டாக்கர் டீமனின் அமைப்புக் கோப்பில் எம்டியூவை 1492 என்று எழுதி மறுதொடக்கம் செய்தேன். ஒரு பயனும் இல்லை. அந்த மதிப்பு டாக்கரின் இயல்புநிலை நெட்வொர்க்கான பிரிட்ஜுக்கு மட்டுமே செல்லும், கன்டெய்னர்களை ஒரு கோப்பின்படி இயக்க நான் பயன்படுத்தும் கம்போஸ் தனக்கென உருவாக்கும் நெட்வொர்க்குக்குச் செல்லாது என்பதைக் கண்டுபிடிப்பதற்குள் மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது, மார்க்கெட்டும் ஓய்ந்துவிட்டது. கம்போஸ் கோப்பில் நெட்வொர்க்கின் டிரைவர் விருப்பங்களில் அதே எண்ணைத் தந்து, பழைய நெட்வொர்க்கை முழுதாக நீக்கி மறுபடி உருவாக்கிய பிறகே குறுஞ்செய்தி போயிற்று. நெட்வொர்க்குகள் பல இருந்தால் ஒவ்வொன்றையும் திருத்துவதை விட, ஐபிடேபிள்ஸில் எம்எஸ்எஸ் (எதிர்முனையிடம் கேட்கும் அந்த 1452, 1460 எண்) அளவைக் குறைக்கும் விதி ஒன்றைச் சேர்ப்பது எளிது. எனக்கு இருந்தது ஒன்றே என்பதால் அது தேவைப்படவில்லை.