முட்டை விலையும் போர்ச் செய்திதான்

வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு உக்ரைன் போர் என்றால் முதலில் வரைபடம்தான். எந்த ஊர் விழுந்தது, எத்தனை ட்ரோன் வந்தது என்பதை வைத்தே பக்கம் நிரம்பிவிடும். 2022 மார்ச்சில் மட்டும் வேறு மாதிரி இருந்தது. கார்கிவிலும் சுமியிலும் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த நம் பிள்ளைகளின் பெற்றோர் அலுவலகத்துக்கே போன் செய்து, "சுமியில இருந்து பஸ் கிளம்பிடுச்சா சார்?" என்று கேட்பார்கள். அந்த வாரங்களுக்குப் பிறகு அந்த ஊர்ப் பெயர்களை என்னால் சும்மா தட்டச்சு செய்ய முடிந்ததில்லை.

2023 ஜனவரியில் முட்டைச் செய்தி வந்தது. உக்ரைன் ராணுவத்தின் உணவுக் கொள்முதல் ஒப்பந்தத்தை யூரி நிகோலோவ் என்ற பத்திரிகையாளர் வெளியே கொண்டுவந்தார். கடையில் சுமார் 7 ஹிரிவ்னியாவுக்கு (உக்ரைன் நாணயம்) கிடைத்த முட்டைக்கு ஒப்பந்தத்தில் 17 ஹிரிவ்னியா போட்டிருந்தார்கள். மொத்த ஒப்பந்தம் 1,300 கோடி ஹிரிவ்னியாவுக்கும் மேல். எழுத்துப் பிழை போன்ற தவறு என்றது பாதுகாப்பு அமைச்சகம். சில நாட்களில் துணை அமைச்சர் ஷபோவலோவ் விலகினார். பாதுகாப்பு அமைச்சர் ரெஸ்னிகோவ் செப்டம்பரில் மாற்றப்பட்டார்.

"எல்லா ஊர்லயும் இதுதானே சார், ஒத்தைப் பத்தி போதும்" என்றார் உடன் வேலை பார்த்த இளைஞர். நல்ல பையன், வேலை தெரிந்தவர். ஆனால் அந்த "எல்லா ஊர்லயும்" என்ற சலிப்போடு எனக்கு ஒருநாளும் ஒத்துப்போகாது. திருட்டு எல்லா ஊரிலும் உண்டுதான். அதை யார் கண்டுபிடித்தார்கள், கண்டுபிடித்தவருக்கு என்ன நடந்தது, பிறகு என்ன மாறியது என்பது ஊருக்கு ஊர் வேறு. முட்டை விவகாரத்துக்குப் பிறகு, போர்க்காலத்திலும் ராணுவக் கொள்முதலின் விலையை வெளியிட வேண்டும் என்று உக்ரைனில் சட்டம் வந்தது. பீரங்கி எங்கே நிற்கிறது என்பது ரகசியமாக இருக்க வேண்டும். முட்டை விலை தெரிவதால் எதிரிக்கு என்ன லாபம்?

போரில் அவசரமும் ரகசியமும் நிஜமாகவே தேவை. அந்த இரண்டையும் காட்டித்தான் கமிஷன் அடிக்கிறார்கள். 2024 ஜனவரியில் வந்த மோர்ட்டார் ஷெல் வழக்கைப் பாருங்கள். ஒரு லட்சம் ஷெல்லுக்கு ஏறத்தாழ 150 கோடி ஹிரிவ்னியா ஒப்பந்தம் போட்டு, பணத்தில் பெரும்பகுதியை முன்பணமாகக் கொடுத்தும், ஒரு ஷெல்கூட வந்து சேரவில்லை. அடுத்த மாதமே, குண்டுத் தட்டுப்பாட்டுக்கு நடுவே, கிழக்கு உக்ரைனின் அவ்தீவ்கா நகரம் ரஷ்யாவிடம் விழுந்தது. அந்த வழக்கால்தான் விழுந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றை முதல் பக்கத்திலும் மற்றதை எட்டாம் பக்க மூலையிலும் போட்டால் வாசகருக்குப் போரின் பாதிதான் போய்ச் சேரும்.

சுத்தம் செய்வதும் எளிதல்ல. லஞ்சம் வாங்கிக்கொண்டு ஆட்களைத் தப்பவிட்டார்கள் என்று, 2023 ஆகஸ்டில் எல்லா மாகாணங்களின் ஆள்சேர்ப்பு அலுவலகத் தலைவர்களையும் ஜெலன்ஸ்கி நீக்கினார். அனுபவசாலிகளை இழந்துவிட்டோம் என்று தளபதி ஸலூஷ்னி அந்த டிசம்பரில் வெளிப்படையாகவே குறைபட்டார். 2024 பிப்ரவரி 8 அன்று அவரும் நீக்கப்பட்டு, சிர்ஸ்கி தளபதியானார். அதிபர், தளபதி இருவரில் யார் பக்கம் நியாயம் என்று என்னால் இன்றும் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. இருவர் பேச்சிலும் உண்மை இருந்தது.

ரஷ்யாவில் திருட்டு குறைவு என்று யாரும் நினைக்க வேண்டாம். துணைப் பாதுகாப்பு அமைச்சராக இருந்த திமூர் இவானோவ் 2024 ஏப்ரலில் கைதாகி, மறு வருடம் 13 ஆண்டு தண்டனை பெற்றார். ஆனால் ராணுவத்தைப் பற்றி "பொய்ச் செய்தி" எழுதினால் 15 ஆண்டு வரை சிறை என்று 2022 மார்ச்சிலேயே சட்டம் போட்ட நாடு அது. நிகோலோவ் செய்த வேலையை அங்கே இருந்துகொண்டு ஒருவர் செய்வது எப்படி?

அதற்காக கீவ் புனிதமான இடம் என்று நான் தலைப்பு வைக்கப் போவதில்லை. 2025 ஜூலை 22 அன்று, ஊழல் தடுப்பு அமைப்பான நாபுவின் சுதந்திரத்தைப் பறிக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்ற, அன்றே ஜெலன்ஸ்கி கையெழுத்திட்டார். வான்தாக்குதல் பயத்துக்கு நடுவிலும் இளைஞர்கள் அட்டைகளோடு தெருவுக்கு வந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியமும் நெருக்கியது. ஜூலை 31 அன்று சட்டம் திருத்தப்பட்டு அதிகாரம் திரும்பியது.

நவம்பர் 10 அன்று நாபு, அரசு அணுமின் நிறுவனமான எனர்கோஅட்டம் வழக்கை வெளியிட்டது. அந்த நிறுவனத்தின் ஒப்பந்தங்களில் 10 முதல் 15 சதவீதம் வரை கமிஷன் என்றும், கைமாறிய பணம் சுமார் 10 கோடி டாலர் என்றும் குற்றச்சாட்டு. முக்கியமாகச் சொல்லப்பட்ட மிண்டிச், ஜெலன்ஸ்கியின் பழைய தொழில் கூட்டாளி. சோதனைக்குச் சற்று முன்புதான் நாட்டை விட்டுப் போயிருந்தார். இரண்டு அமைச்சர்கள் பதவி இழந்தார்கள். 28ஆம் தேதி அதிபர் அலுவலகத் தலைவர் யெர்மாக்கின் வீட்டில் சோதனை நடந்தது, அன்றே அவர் விலகினார்.

விசாரணை 15 மாதம் நடந்ததாக நாபு சொன்னது. பின்னோக்கி எண்ணிப் பார்த்தேன். ஜூலையில் அந்தச் சட்டம் வந்தபோது, விசாரணை பாதிக்கு மேல் தாண்டியிருந்தது. அந்த ஒரு வரியைச் செய்தியின் இரண்டாவது பத்தியில் சேர்த்து, யெர்மாக் விலகலை முதல் பக்கத்தில், போர்முனைச் செய்திக்குப் பக்கத்திலேயே வைத்தோம்.