அப்பாவின் புதுக் கண்ணும் பதினொரு சதவீத மாம்பழமும்

அப்பாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்து ஐந்து வாரம் ஆகிறது. வைத்த டாக்டர் நிம்மதியாக இருக்கிறார். நாங்கள்தான் இல்லை.

முதல் பலி, பூஜை அறை மூலையில் பல ஆண்டுகளாக யாருக்கும் தொந்தரவில்லாமல் குடியிருந்த ஒட்டடை. இரண்டாவது, மிளகுத்தூள் டப்பா. அதன் ஆயுள் 2023லேயே முடிந்துவிட்டதாம். மூன்றாவது, அம்மா. கட்டு அவிழ்த்த மறுநாள் காபி கொண்டுவந்தவளை உற்றுப் பார்த்து, "உனக்கு எப்போது இவ்வளவு சுருக்கம் விழுந்தது?" என்று கேட்டுவிட்டார். அம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள். பேசாமலே இருந்திருக்கலாம் என்று அப்பா நினைக்கும்படி பேசினாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் போன ஞாயிற்றுக்கிழமை என் மாமனார் நலம் விசாரிக்க வந்தார். கையில் ஆறு மாம்பழப் பெட்டிகள். கிருஷ்ணகிரிக்கு மாம்பழம், அதுவும் உறிஞ்சுகுழல் ஒட்டிய சின்ன அட்டைப் பெட்டியில். திருநெல்வேலிக்கே அல்வாவா என்பார்கள். அங்கே அல்வாவாவது அல்வாவாக இருக்கும்.

"ஜூஸ் வாங்கி வந்தேன் சம்பந்தி. உடம்புக்குத் தெம்பாக இருக்கும்" என்றார்.

அப்பா ஒரு பெட்டியைக் கையில் எடுத்தார். முன்பக்கத்துப் படத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பினார். படிக்கும் கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். என் மனைவி என்னைப் பார்த்தாள். 'உங்கள் அப்பாவை நிறுத்துங்கள்' என்று அந்தப் பார்வைக்குப் பொருள். கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்தொரு வருடம் அடுத்தவர் கணக்கில் பிழை தேடியே பழகியவரை யார் நிறுத்துவது?

"தண்ணீர்" என்று வாசித்தார். கொஞ்சம் இடைவெளி விட்டார். "சர்க்கரை." இன்னும் கொஞ்சம் இடைவெளி. "மாங்கூழ், பதினொரு சதவீதம்." நீதிபதிகள்கூடத் தண்டனை சொல்வதற்கு முன் இவ்வளவு மூச்சு வாங்குவதில்லை.

"எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி சம்பந்தி. கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடுகிற மாதிரி. இதில் மாம்பழம் மூன்றாவதாக வருகிறது. பெண்ணைப் பெற்றவர் பெயரைக் கடைசியில் சுற்றமும் நட்பும் வரிசையில் போட்ட மாதிரி."

எங்கள் கல்யாணப் பத்திரிகையில் யார் பெயரை எங்கே போடுவது என்று ஒரு தகராறு நடந்தது. பன்னிரண்டு வருடமாக இரு வீட்டாரும் பாடுபட்டு மறந்து வைத்திருந்த விஷயம் அது. அம்மா உள்ளே போய்ப் பாத்திரத்தை உருட்டினாள்.

அப்பா விடவில்லை. "பாருங்கள், இதில் ஜூஸ் என்று எந்த இடத்திலும் எழுதவில்லை. பழப் பானம் என்றுதான் இருக்கிறது. பத்து சதவீதம் பழம் இருந்தால் இந்தப் பெயரில் விற்கலாம். எலுமிச்சையென்றால் ஐந்தே போதும். அதுவும் இல்லாமல் வெறும் வாசனையைச் சேர்த்தால் பழம் இல்லை என்று சொல்லித்தான் விற்க வேண்டும்."

இதெல்லாம் எப்போது படித்தார் என்றுதானே கேட்கிறீர்கள்? ஐந்து வாரமாக அதுதான் வேலை. 2024 ஜூனில் உணவுப் பாதுகாப்பு ஆணையம், தண்ணீரை வற்றவைத்துக் கெட்டியாக்கிய சாற்றில் மறுபடியும் தண்ணீரைக் கலந்து விற்பவர்கள் 'நூறு சதவீதப் பழச்சாறு' என்று போடக்கூடாது என உத்தரவிட்டது. அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்துக் காட்டியவன் நான்தான். அப்போது கண் தெரியாமல், "சரி, அதற்கென்ன இப்போது" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனவர் இவர்.

"330 என்று போட்டிருக்கிறதே, அது என்ன?" என்று அடுத்த வரிக்குப் போனார்.

என் மகன் செல்பேசியைத் தட்டி, "சிட்ரிக் அமிலம் தாத்தா. எலுமிச்சம்பழத்தில் இருப்பது" என்றான். மாமனாரின் முகத்தில் சற்றே உயிர் வந்தது. எலுமிச்சையாவது உள்ளே இருக்கிறதே. பையன் அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனால் எலுமிச்சையிலிருந்து எடுப்பதில்லையாம். சர்க்கரைக் கரைசலில் ஒரு கறுப்புப் பூஞ்சையை வளர்த்து அதிலிருந்து எடுக்கிறார்களாம்" என்றான். துணைக்கு ஒரு பெட்டியில் குழலைச் செருகிப் பாதி குடித்திருந்த மாமனார் அதை ஓசைப்படாமல் கீழே வைத்தார். "பூஞ்சையை வடிகட்டிவிடுவார்கள் தாத்தா" என்றான் பையன். எந்தத் தாத்தாவுக்கு ஆறுதல் சொன்னான் என்று தெரியவில்லை.

அதற்குள் என் மனைவி ஒரு கணக்குப் போட்டிருந்தாள். நூறு மில்லிக்குப் பதின்மூன்று கிராம் சர்க்கரை, பெட்டிக்கு இருநூறு மில்லி. ஆகமொத்தம் இருபத்தாறு கிராம், ஐந்து தேக்கரண்டிக்குக் குறையாது. மாமனாருக்குச் சர்க்கரை இருக்கிறது. எனவே அவள் கோபம் என் அப்பாவை விட்டு அவளுடைய அப்பாவின் மேல் பாய்ந்தது. எங்கள் தரப்புக்கு அது ஒரு சின்ன வெற்றி.

ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு இந்தச் சர்க்கரைத் தண்ணீர்கள் மேல் தனிப்பட்ட விரோதம் கிடையாது. ஆரஞ்சுக் குச்சி ஐஸ் தின்று, நாக்கு எவ்வளவு சிவந்தது என்று ஒருவருக்கொருவர் நீட்டிக் காட்டி வளர்ந்தவன்தான் நானும். அதில் ஆரஞ்சு எங்கே என்று யாரும் கேட்டதில்லை. பன்னீர் சோடா, நன்னாரி சர்பத் எல்லாம் தம்மைப் பழம் என்று சொல்லிக்கொண்டதில்லை. நன்னாரி ஒரு வேர். வேராகவே வந்து வேராகவே போகும். பனித்துளி சொட்டச் சொட்ட இரண்டு அல்போன்சாவைப் படம் போட்டுவிட்டு, உள்ளே ஒன்றரை மேசைக்கரண்டி கூழை வைப்பதுதான் எரிச்சல்.

சம்பந்தி மனம் கோணிவிடக்கூடாது என்று மாலையில் அப்பாவே அவரைக் கோவில் முனை ஜூஸ் கடைக்கு அழைத்துப் போனார். அசல் ஜூஸ் எப்படி இருக்கும் என்று காட்டுகிறாராம். பணப்பை என்ற முறையில் நானும் போனேன்.

கடைக்காரத் தம்பி இரண்டரைச் சாத்துக்குடி பிழிந்தான். அரை டம்ளருக்கு ஐஸ் போட்டான். சர்க்கரைப்பாகு இரண்டு கரண்டி. மேலே ஒரு குவளை தண்ணீர். அப்பா ஒவ்வொன்றையும் கண் கொட்டாமல் பார்த்தார். "இதில் பழம் எத்தனை சதவீதம் தம்பி?"

"ஐயா, டம்ளருக்கு நான் எங்கே போய் லேபிள் ஒட்டுவேன்?" என்றான் அவன். நியாயம்தான்.

விட்டிருக்கலாம். ஆனால் பலகையில் 'மாம்பழ ஜூஸ் 60' என்று எழுதியிருந்தது. இது மாசி மாதம். மரங்கள் இப்போதுதான் பூத்துக் குலுங்குகின்றன. "பூவைப் பிழிந்தா ஜூஸ் போடுகிறாய்?" என்றார் அப்பா. தம்பி குனிந்து, மேசைக்கு அடியிலிருந்து ஒரு பெரிய தகர டின்னை எடுத்து வைத்தான். 3.1 கிலோ. அப்பா அதையும் திருப்பினார்.

இந்த முறை சத்தமாக வாசிக்கவில்லை. நானும் எட்டிப் பார்த்தேன். பெங்களூரா ரக மாங்கூழ். எங்கள் மாவட்டம். அடைத்தது 2025 ஜூலை.

அந்தச் சீசனில் பெங்களூரா கிலோ ஐந்து ரூபாய்க்கே தடுமாறியது. சித்தப்பாவின் டிராக்டர் கூழ்த் தொழிற்சாலை வாசலில் இரண்டு இரவு நின்றது. கூட நின்றவர் அப்பா. கண் மங்கலாக இருந்ததால், வெயிலில் எந்தக் காய் கனிந்துவிட்டது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துத்தான் ஒதுக்கினார்.

"அந்தப் பெட்டியில் இருக்கிற இருபத்திரண்டு கிராம் கூழுக்கு நாற்பது கிராம் காய் வேண்டும். பாதி கொட்டையும் தோலுமாகப் போய்விடும்" என்றார் யாரிடமோ. "கிலோ ஐந்து ரூபாய் என்றால் இருபது பைசா. பெட்டி இருபது ரூபாய்."

மாமனார் அதற்கு ஒன்றும் சொல்லாமல் கடைக்காரத் தம்பியிடம் திரும்பினார். "தம்பி, தண்ணீர் விடாதே, சர்க்கரையும் போடாதே. அந்தக் கூழையே ஆளுக்குக் கொஞ்சம் ஊற்று" என்றார். இரண்டு டம்ளர் வந்தது. இருவரும் கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டார்கள்.

"உங்கள் தோப்புக் காயாக இருக்குமோ சம்பந்தி?"

அப்பா கண்ணை மூடிக்கொண்டு, வாயில் இருந்ததை மெதுவாக விழுங்கினார். "இல்லை. நம் காய் இன்னும் கொஞ்சம் புளிக்கும்."

நூற்றிருபது ரூபாயும், சாத்துக்குடிக்குத் தனியாகவும் நான்தான் கொடுத்தேன். பிரிக்காத ஐந்து பெட்டிகள் ஃபிரிட்ஜில் இருக்கின்றன. வீட்டில் யாரும் தொடுவதில்லை. இடது கண்ணுக்குப் பங்குனியில் தேதி கொடுத்திருக்கிறார்கள்.