முதுகு அறுவை: கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

தனக்குச் செய்யப்போகும் சிகிச்சையைப் பற்றி அறியும் உரிமை நோயாளிக்கு உண்டா என்ற கேள்வியை நீதிமன்றங்கள் விவாதித்த வழக்குகளைப் படித்து வருகிறேன். அவற்றுள் பெரிதும் மேற்கோள் காட்டப்படும் மூன்று, முதுகுத்தண்டு அறுவையிலிருந்து பிறந்தவை.

1959இல் அமெரிக்காவில், முதுகுவலிக்காக அறுவை செய்துகொண்ட கேன்டர்பரி என்ற 19 வயது இளைஞர், மறுநாள் அருகில் ஆளில்லாத நேரத்தில் கட்டிலிலிருந்து விழுந்தார். சில மணி நேரத்திற்குள் இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோனது. அந்த அறுவையில் நூற்றுக்கு ஒருவருக்கு இப்படி உடல் செயலிழப்பு நேரலாம் என்பது அவரிடம் சொல்லப்பட்டிருக்கவில்லை. மருத்துவர்களின் வழக்கம் எதுவாயினும், அந்த நிலையில் இருக்கும் ஒரு நோயாளி முடிவெடுக்கத் தேவையானதைச் சொல்லியே ஆகவேண்டும் என்று 1972இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. ஆனால் மறுவிசாரணையில் அவர் தோற்றார். வென்றது கொள்கை மட்டுமே.

பிரிட்டன் வேறு வழியில் போனது. கழுத்துத் தண்டுவடத்தில் அறுவை செய்துகொண்டு ஊனமுற்ற சிடவே என்ற பெண்மணியின் வழக்கை 1985இல் தள்ளுபடி செய்தபோது, எதைச் சொல்வது என்பதில் மருத்துவர்களின் வழக்கத்திற்கே அப்போது அங்கு உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை பெருமளவு இடம் கொடுத்தது. 2004இல், கீழ்முதுகு அறுவையின் 1 முதல் 2 விழுக்காடு ஆபத்தைப் பற்றி எச்சரிக்கப்படாத செஸ்டர் என்பவருக்கு ஐந்து நீதிபதிகளில் மூவர் சாதகமாகத் தீர்ப்பளித்தனர். 1985ஆம் ஆண்டின் அளவுகோலை அந்நாடு முற்றிலும் கைவிட்டது 2015இல்தான், அதுவும் ஒரு பிரசவ வழக்கில்.

நம் உச்ச நீதிமன்றம் 2008இல் சமீரா கோலி வழக்கில் இரண்டு வழிகளையும் எடைபோட்டுப் பார்த்து, பிரிட்டனின் பழைய வழிக்கு அருகிலேயே நின்றுகொண்டது. இது எனக்கு ஏமாற்றமே. ஆனாலும் அந்தத் தீர்ப்பு கையில் வைத்துக்கொள்ளத் தக்கது: சிகிச்சை எத்தகையது, எதற்காக, மாற்று வழி உண்டா, முக்கியமான ஆபத்துகள் எவை, மறுத்தால் என்னவாகும் என்பவற்றை மருத்துவர் விளக்கியாக வேண்டும். பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்ட பெண்ணுக்குத் தாயாரின் சம்மதத்தைப் பெற்றுக்கொண்டு கருப்பையை அகற்றியது செல்லாது என்றும் அது சொன்னது. தந்தையின் முதுகு அறுவைக்கு மகன் கையெழுத்துப் போடுவதை இயல்பாகக் கருதும் நம் வீடுகளில் இது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

என் அண்ணனுக்கு ஜவ்வு விலகல் என்று அறுவைக்குத் தேதி குறித்தபோது, பணம் கட்டும் இடத்தில் ஒரு படிவத்தை நீட்டினார்கள். அறுவையின் பெயருக்கான புள்ளிக்கோடு வெறுமையாக இருந்தது; கையெழுத்திட வேண்டிய இடத்தில் மட்டும் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தது. மருத்துவரைப் பார்த்துப் பேசிய பிறகே கையெழுத்திடுவோம் என்று சொன்னோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, எம்.ஆர்.ஐ. படத்தை வெளிச்சத்தில் பிடித்து, நரம்பு எங்கே அழுந்துகிறது என்று காட்டினார். தயக்கம் மருத்துவரைவிட நமக்கே அதிகமோ என்று அன்று தோன்றியது.

முதுகு நோயில் இந்தக் கேள்விகளுக்குப் பெரும்பாலும் நேரம் இருக்கிறது. ஜவ்வு விலகி காலுக்கு இறங்கும் வலி, பலருக்கு மருந்தாலும் உடற்பயிற்சியாலும் வாரக்கணக்கில் தணிந்துவிடுகிறது. ஆகவே இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பது அவமரியாதை ஆகாது. சிறுநீர் அல்லது மலம் கட்டுப்படாமல் போவது, தொடை இடுக்கும் ஆசனவாயைச் சுற்றிய பகுதியும் மரத்துப்போவது, கால் வேகமாகப் பலமிழப்பது ஆகியவை இதற்கு விதிவிலக்கு. அப்போது உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்திற்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதி. முதுகெலும்பில் திருகாணியோ, எலும்புகளுக்கு இடையே வைக்கும் கூண்டு போன்ற தாங்கியோ பொருத்தப்பட்டிருந்தால், அதன் பெட்டியிலிருந்து உரித்து நோயாளியின் கோப்பில் ஒட்டும் சிறு ஸ்டிக்கரின் நகலையும் கேட்டு வாங்குங்கள். எந்த நிறுவனத்தின் பொருள், எந்தத் தொகுதி எண் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். பின்னாளில் அதை மாற்றவோ எடுக்கவோ நேர்ந்தால் அடுத்த மருத்துவர் முதலில் கேட்பது அதையே.