செத்த மாதிரி நடிப்பு

"இருமல்தான் நின்னு போச்சே தம்பி, இன்னும் எதுக்கு மாத்திரை?"

காலையில் பக்கத்து வீட்டுத் தாத்தா கேட்டார். டிபி மருந்து ஆரம்பித்து இரண்டு மாதம். முதல் வாரம் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதும் ரத்தம் என்று பதறியவர். (அது ரிஃபாம்பிசின் என்ற டிபி மருந்தின் வேலை.)

மாத்திரை போட்ட நாளெல்லாம் காலண்டரில் பேனாவால் ஒரு புள்ளி வைப்பார்.

நேற்றும் முந்தாநாளும் புள்ளி இல்லை.

நுரையீரலில் இந்தக் கிருமியை நம் உடல் சுற்றி வளைத்து அடைக்கும். உள்ளே ஆக்சிஜன் குறையும். கிருமியிடம் அதை மோப்பம் பிடிக்கவே இரண்டு புரதங்கள் இருக்கின்றன. நம் ரத்தச் சிவப்பில் இருக்கும் அதே 'ஹீம்' அவற்றிலும் உண்டு! காற்று குறைந்ததும் சுமார் 50 மரபணுக்கள் விழிக்கும், கிருமி படுத்துக்கொள்ளும். வளராது, பெருகாது.

பல மருந்துகள் வளரும் கிருமியைத்தான் நன்றாக அடிக்கும். படுத்துக் கிடப்பதைத் தீர்க்க நாளாகும். அதனால்தான் வழக்கமாக 6 மாதம்.

தாத்தாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை.

"அது செத்த மாதிரி நடிக்குது தாத்தா" என்றேன்.

"திருட்டுப் பய" என்று முனகிக்கொண்டே தண்ணீர்ச் சொம்பை எடுத்தார்.