மாத்தளை முத்துமாரிக்கு அப்பாயி செலுத்திய நேர்த்தி

இலங்கையின் மாத்தளை முத்துமாரியம்மனுக்கு எங்கள் குடும்பம் பட்டிருந்த கடன், என் தந்தையின் உயிருக்கான கடன். இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளித் தமிழரில், இரு நாட்டு அரசுகளும் செய்த 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் இந்தியாவுக்கு அனுப்பச் சொன்ன 5,25,000 பேருள், தந்தையின் தாயாகிய அப்பாயியும் ஒருவர். இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்து லயத்தை, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டை, விட்டு, தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமுக்கு வந்து சேர்ந்த சில நாட்களில் கைக்குழந்தையாக இருந்த தந்தைக்கு அம்மை வார்த்தது. பிள்ளை பிழைத்தால் மாசி மகத்தில் வந்து உன் தேர்வடம் பிடிக்கிறேன் என்று, வேப்பிலைப் படுக்கையின் பக்கத்திலிருந்தே அவர் நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தது. கூடலூர் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்துக் கூடை மறுபடியும் முதுகில் ஏறியது. அதன்பின் கப்பல் நின்றது, போர் மூண்டது, வறுமையும் விடவில்லை. 1983 கலவரத்தில் இந்தக் கோயிலும் தீக்குத் தப்பவில்லை என்ற செய்தி வந்த அன்று, "நம்ம சனத்துக்கு வந்தது அவளுக்கும் வந்துருச்சே" என்று சொல்லி அப்பாயி பட்டினி கிடந்ததைத் தந்தை இன்றும் சொல்வார்.

எண்பதைக் கடந்த அவரை அழைத்துச் செல்லும் பேறு இந்த மாசியில் எனக்கு வாய்த்தது. விமான நிலையத்தில் சக்கர நாற்காலியைக் கொண்டுவந்த பையனிடம், "தேர் இழுக்கப் போறவளைத் தள்ளிக்கிட்டுப் போவியா?" என்று கேட்டுவிட்டு அவர் விறுவிறுவென்று முன்னே நடந்தார். கண்டியில் திருவிழாவைச் சாக்கிட்டு மூன்று மடங்கு கூலி கேட்ட ஆட்டோக்காரரைச் சிங்களத்தில் "மல்லி" (தம்பி) என்று அழைத்து, அவர் தாயாரின் ஊரையும் நலத்தையும் விசாரித்து, நியாயமான கூலிக்கு இறங்கிவர வைத்துவிட்டார். பிறந்த தோட்டத்தை முதலில் பார்த்துவிடலாமா என்று நான் கேட்டதற்கு, கடனை வைத்துக்கொண்டு அங்கே காலெடுத்து வைக்கமாட்டேன் என்று மறுத்துவிட்டார்.

கோயில் வீதியில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. பக்கவாசலால் விரைவாக உள்ளே அனுப்புவதாகச் சொல்லிப் பணம் கேட்டவர்கள் எங்களை இருமுறை வழிமறித்தார்கள். தாயின் சந்நிதியை விலைபேசுவதைப் பார்க்க நெஞ்சு கொதித்தது. அப்பாயி வரிசையிலேயே நின்றார். அந்தக் காலத்தில் தமிழகத்திலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியே காடெல்லாம் நடந்து, வழியில் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் சொந்தங்களைப் பறிகொடுத்து, கோப்பித் (காப்பி) தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த சனம் மாரியையே துணையாக நம்பி நடந்தது; அந்தச் சனத்தின் பேத்தி கால்வலியைப் பற்றி வாய் திறப்பாரா?

சந்நிதியில் தீபாராதனை காட்டும்போது அவர் கைகூப்பவில்லை. இடுப்பில் கைவைத்து அம்மன் முகத்தையே பார்த்தபடி, "வந்துட்டேன்டி. இத்தனை வருசம் என்னை ஏன்டி கூப்பிடல?" என்று உரக்கக் கேட்டார். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த நொடியே அவர் குலுங்கி அழுதார். எனக்கும் கண் மறைத்தது. அந்த முகத்தின் மஞ்சளும் குங்குமமும் வேப்பிலை மாலையும் தவிர, அன்று உள்ளே வேறெதைப் பார்த்தேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஐந்து தேர்களும் புறப்பட்டபோது, வயதானவர்கள் விலகி நில்லுங்கள் என்று தொண்டர்கள் கத்தினார்கள். கொழுந்தெடுக்கும் பெண்கள் சிலர், அப்பாயி மண்டபம் முகாமில் நேர்ந்துகொண்ட கதையைக் கேட்ட மாத்திரத்தில், அவரைத் தங்கள் நடுவில் நிறுத்தி அம்பாள் தேரின் வடத்தைக் கையில் கொடுத்தார்கள். நாலடி போதும் என்று நான் கெஞ்சினேன். தேர் ஒரு நிலையில் நிற்கும்வரை அவர் விடவில்லை. உள்ளங்கைத் தோல் உரிந்துபோயிருந்தது. மருந்து வேண்டாம் என்று கோயில் திருநீற்றையே பூசிக்கொண்டார்.

ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு தேருக்கு வந்த அந்தப் பெண்கள், தங்களுக்கென்று கட்டிவந்த ரொட்டியையும் தேங்காய்ச் சம்பலையும் எங்களுக்குப் பிட்டுக் கொடுத்தார்கள். கடல் கடந்து போனவர்களின் வாரிசு என்று தெரிந்ததும், தங்களை விட்டுப் பிரிந்து கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் போன உறவுகளை என்னிடம் விசாரித்தார்கள். முத்துமாரித் தாயே, என் தந்தையைக் காத்தது போல அவர்கள் லயத்துப் பிள்ளைகளையும் காத்தருள வேண்டும். அவர்களின் சொந்தங்களையும் உன் தேரடிக்கு அழைத்துவர வேண்டும்.