போயிட்டு வர்றேன்: தில்லியில் கொரியப் பேச்சுப் பயிற்சி நாட்குறிப்பு

14 செப்டம்பர் 2025, ஞாயிறு. ஆர்.கே.புரம்

பயிற்சிக்கு வருபவர்களில் பாதிப்பேர் குருகிராமில் கொரியர்களோடு வேலை பார்ப்பவர்கள். மற்றவர்கள் வேலைக்காகச் சோல் கிளம்பவிருப்பவர்கள். எல்லோருக்கும் எழுத்து தெரியும். மெய் 14, உயிர் 10, ஆக 24 அடிப்படை எழுத்து. ஒரு வாரத்தில் படித்துவிடலாம். பேசத்தான் வாய் வரவில்லை.

முதலில் உயிரொலி. கொரியனில் இரண்டு 'உ' உண்டு. ஒன்றுக்கு உதடு குவியும், மற்றதற்குக் குவியாது. குவியாததை ஆங்கிலம் வழியாகக் கற்பவர்கள் மாதக்கணக்கில் தேடுகிறார்கள். நமக்கு அது பிறந்ததிலிருந்தே வாயில் இருக்கிறது: குற்றியலுகரம். 'காசு', 'பாட்டு' என்று சாதாரணமாகச் சொல்லி, கடைசி ஒலியில் அப்படியே நில்லுங்கள். அதுதான். கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தால் உதடு தட்டையாக இருப்பது தெரியும். இதில் தவறினால் பொருளே மாறிவிடும். எழுத்து என்பதற்கான 'குல்' உதடு குவியாமல் வர வேண்டும். குவித்தால் அது கடல் சிப்பி.

இந்தக் குறிப்புகளில் 'ஒ' என்று எழுதினால் உதடு குவியாத, வாய் சற்றுத் திறந்த ஒலி. 'ஓ' என்று எழுதினால் உதடு குவிந்த ஒலி. குறில் நெடில் கணக்கு இங்கே கிடையாது.

16 செப்டம்பர், செவ்வாய்

இன்று மெய்யொலி. தமிழர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. நிலா, மகள், முகமூடி மூன்றுக்குமான கொரியச் சொற்கள் நம் காதில் ஒரே 'தல்'தான். கொரியர் காதில் அவை மூன்று வேறு சொற்கள்.

மகள் என்பதில் வரும் அழுத்தமான த, 'பத்து', 'அத்தை' என்பவற்றில் நாம் சொல்லும் 'த்த'. மூச்சு வெளியே வராது. 'அத்தை'யில் முதல் எழுத்தை மனசுக்குள் வைத்துக்கொண்டு மீதியை மட்டும் சொன்னால் வந்துவிடும். முகமூடியில் வருவது மூச்சோடு வரும் ஒலி. இதற்குத் தில்லியில் இருப்பது பெரிய வசதி. இந்தியில் காதுக்கும் 'கான்', சாப்பாட்டுக்கும் 'கானா'. தமிழில் எழுதினால் இரண்டிலும் அதே 'கா', ஆனால் ஆட்டோக்காரர் சாப்பாட்டைச் சொல்லும்போது மூச்சு பீறிடும். அந்த மூச்சுதான் வேண்டும். நிலாவில் வருவது இடைப்பட்டது: மூச்சு கொஞ்சம், குரல் தாழ்ந்து தொடங்க வேண்டும். இன்றைய சோல் பேச்சில் இந்தத் தாழ்ந்த தொடக்கம்தான் முக்கிய அடையாளம். மற்ற இரண்டும் மேலே தொடங்கும்.

சோதனைக்கு ஒரு விரல் அகலத்தில் டிஷ்யூ காகிதத்தைக் கிழித்து, உதட்டிலிருந்து நான்கு விரற்கடை தள்ளிப் பிடியுங்கள். முகமூடிக்குக் காகிதம் பறக்க வேண்டும், நிலாவுக்கு லேசாக அசைய வேண்டும், மகளுக்கு அசையவே கூடாது. ஒவ்வொன்றும் இருபது தடவை, பிறகு கலைத்துப் போட்டு.

சொல்லின் நடுவில் அந்த இடைப்பட்ட ஒலியைப் பற்றிக் கவலையே இல்லை. 'அகம்' என்பதில் க தானாக மெலிவது போலவே கொரியனிலும் உயிர்களுக்கு நடுவில் மெலியும்.

21 செப்டம்பர், ஞாயிறு

நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: வாக்கியத்தை ஆங்கிலத்தில் யோசிக்காதீர்கள். பாடப்புத்தகம் ஆங்கிலத்தில் இருப்பதால் மூளையும் ஆங்கிலத்தில் ஓடுகிறது. தமிழிலிருந்து ஆங்கிலம் போய், வரிசையைத் தலைகீழாக்கி, பிறகு கொரியன். இந்தச் சுற்றுவழியில்தான் திக்கல் வருகிறது.

'நான் நேத்து ஆபீஸுக்குப் போனேன்.' 'ஜொனுன் ஒஜே ஹ்வேசாஎ காஸ்ஸொயோ.' சொல்லுக்குச் சொல் அதே வரிசை. 'நானும்' என்பதில் உள்ள 'உம்' அங்கே 'தோ': 'ஜொதோ'. 'நேத்து வாங்கின புத்தகம்' என்பது 'ஒஜே சான் ச்சேக்'. ஆங்கிலத்தில் புத்தகத்தை முன்னால் தூக்கி வைக்க வேண்டும், இங்கே வேண்டாம்.

துணைவினைகள் இன்னும் சுகம். பல்கலைக்கழகப் பாடத்தில் தனித்தனி இலக்கண எண்ணாக வருபவை நமக்கு வீட்டுப் பேச்சு:

'சாப்பிட்டுப் பாருங்க': 'மொகொ போசேயோ'. கடைசி வினை 'பார்' தான். 'செஞ்சு கொடுங்க': 'ஹே ஜுசேயோ'. கடைசி வினை 'கொடு'. 'எழுதி வைங்க': 'ஸ்ஸொ துசேயோ'. கடைசி வினை 'வை'. 'மழை வர்ற மாதிரி இருக்கு': 'பீகா ஓல் க்கொட் காத்ஹாயோ'. இதில் 'காத்ஹா' என்பதே ஒத்திருத்தல், நம் 'மாதிரி'. 'வர்றேன்னு சொன்னாங்க' என்பதில் உள்ள 'ன்னு', 'ஓந்தாகோ ஹெஸ்ஸொயோ'வில் 'கோ'வாக உட்கார்ந்திருக்கிறது.

'மாதிரி இருக்கு' அலுவலகத்தில் மிகவும் உதவும். 'லேட் ஆகும்' என்று வெட்டிச் சொல்லாமல் 'லேட் ஆகும் போல இருக்கு' என்பதே அங்கே மரியாதை: 'நுஜுல் க்கொட் காத்ஹாயோ'.

பயிற்சி இப்படி: தினமும் பத்துத் தமிழ் வாக்கியம், வீட்டில் உண்மையிலேயே பேசியவை மட்டும். அவற்றை நேராகக் கொரியனில் சொல்லி ஃபோனில் பதிவு செய்ய வேண்டும். எழுதக் கூடாது, எழுதினால் கை வேலை செய்யும், வாய் சும்மா இருக்கும்.

தமிழ் கைவிடும் இடம் ஒன்று. நம் வினை 'போனேன், போனார்' என்று ஆளைக் காட்டும். கொரிய வினை காட்டாது. 'காஸ்ஸொயோ' என்றால் யார் போனது என்பது பேச்சின் போக்கில்தான் தெரியும். ஆள் மாறும்போது பெயரைச் சொல்லிவிடுங்கள்.

23 செப்டம்பர், செவ்வாய்

'அம்மா, அப்பா' அங்கேயும் 'ஒம்மா, அப்பா'. 'நான், நீ' அங்கே 'நா, நொ'. இதை வைத்து இரண்டும் ஒரு தாய் மக்கள் என்று வாட்ஸ்அப்பில் வருவதைக் கேட்டார்கள். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905லேயே கொரியனையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு நூல் எழுதியிருக்கிறார். ஆனால் மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்கவில்லை. வாக்கிய அமைப்பு ஒத்துப்போவது மட்டும் கண்கூடு, பேசுவதற்கு அது போதும்.

28 செப்டம்பர், ஞாயிறு

மரியாதை. வாக்கியக் கடைசியில் வரும் 'யோ' என்பதை ஆங்கிலத்தில் விளக்க ஒரு பக்கம் ஆகும். கொங்குத் தமிழில் ஒரு சொல் போதும்: 'ங்க'. 'சரிங்க', 'இல்லீங்க', 'நானுங்களா?' என்று எதோடும் ஒட்டுவது போல 'ஜொயோ?', 'கொப்ஹியோ' (காபிங்க) என்று பெயர்ச்சொல்லோடும் ஒட்டும். கொரிய டிவி தொடர்களைப் பார்த்து மொழி பழகியவர்கள் 'வே?' (ஏன்?), 'ஜிஞ்ஜா?' (நிஜமா?) என்று மொட்டையாகக் கேட்டுவிடுகிறார்கள். மேலாளரிடம் அது 'ஏன்டா?' மாதிரி விழும். 'வேயோ?', 'ஜிஞ்ஜாயோ?' என்று முடியுங்கள்.

கூட்டத்தில் அறிக்கை வாசிக்கும்போது 'ம்னிதா' முடிவு. தேநீர் நேரத்தில் 'யோ'. இரண்டையும் கலந்து பேசலாம், கொரியர்களே கலக்கிறார்கள். மொட்டைப் பேச்சுக்கு மட்டும் அவர்களே அழைக்கும்வரை போக வேண்டாம்.

அகராதி 'நீங்கள்' என்பதற்குத் 'தாங்ஷின்' என்று கொடுக்கும். அதை அலுவலகத்தில் சொல்லாதீர்கள், சண்டைக்கு இழுப்பது போல ஆகிவிடும். பதவியோடு 'நிம்' சேர்த்துக் கூப்பிடுங்கள்: 'தேரிநிம்', 'க்வாஜங்நிம்', 'புஜங்நிம்'. நாம் 'சார்' போடும் இடமெல்லாம் இது.

இன்னொரு பிழை. 'ஒதி காசேயோ?' (எங்க போறீங்க?) என்று கேட்டால் 'ஹ்வேசாஎ காசேயோ' என்று அதையே திருப்பிச் சொல்கிறார்கள். அது தன்னைத் தானே 'போறார்' என்று மரியாதையாகச் சொல்லிக்கொள்வது. 'காயோ' என்றால் போதும்.

எதிர்மறைக் கேள்வி நமக்கு எளிது. 'போகலையா?' என்றால் 'ஆமா, போகல' என்போமே, அதேதான்: 'அன் காஸ்ஸொயோ?' என்பதற்கு 'நே' என்றால் போகவில்லை என்று பொருள். ஆங்கில வழக்கத்தில் 'இல்லை' என்று தொடங்கினால் குழப்பம்.

2 அக்டோபர், வியாழன். விஜயதசமி

இன்று எண். மணிக்குத் தனிக் கொரிய எண், நிமிடத்துக்குச் சீன வழி எண்: மூன்றரை மணி 'சே ஷி சாம்ஷிப் ப்புன்'. மாதப்பெயர்களில் ஆறும் பத்தும் மட்டும் மெய்யை விட்டுவிடும்: 'யுவொல்', 'ஷிவொல்'.

பெரிய தொகையில்தான் சம்பளமும் வாடகையும் சிக்குகின்றன. அங்கே அலகு பத்தாயிரம், பெயர் 'மான்'. மில்லியன் வழியாகப் போகாமல் நம் கணக்கிலிருந்தே போங்கள். ஒரு லட்சம் 'ஷிம்மான்', பத்து லட்சம் 'பெங்மான்', ஒரு கோடி 'ச்சொன்மான்', பத்துக் கோடி ஓர் 'ஒக்'. இந்த நான்கையும் மனப்பாடம் செய்தால் மீதி தானாக வரும்.

5 அக்டோபர், ஞாயிறு

எழுதுவது ஒன்று, ஒலிப்பது ஒன்று என்று புலம்பல். இது புணர்ச்சிதான். மலை மந்திர் கோயில் முருகனை ஷண்முகன் என்கிறோம்; ஷட் + முகன். ஜகத் + நாதன் ஜகந்நாதன். ம, ந வந்தால் முன்னால் உள்ள வல்லினம் மூக்கொலியாகிறது. கொரியனிலும் அதே விதி: 'குக்' + 'முல்' 'குங்முல்' ஆகிறது, குழம்பின் சாறு. 'ஹப்னிதா' என்று எழுதியிருப்பது 'ஹம்னிதா'. ந பக்கத்தில் ல வந்தால் இரட்டை ல: தொடர்புகொள்வது 'யொல்லாக்'.

சொல்லின் கடைசி மெய்யில் நாம் 'பஸ்ஸு', 'புக்கு' என்று உகரம் போடுவோம். சோறு 'பாப்' என்றால் உதட்டை மூடி அப்படியே நிறுத்த வேண்டும். திறந்தால் 'பாப்பு' ஆகிவிடும். மூடிய உதட்டோடு மனசுக்குள் இரண்டு எண்ணிவிட்டுத் திறக்கப் பழகினால் ஒரு வாரத்தில் சரியாகும்.

9 அக்டோபர், வியாழன்

கொரியாவில் இன்று எழுத்து நாள். 1446இல் மன்னர் செஜோங் எழுத்தை வெளியிட்டதன் நினைவு.

நிழல் பயிற்சி: செய்தி வேண்டாம், இரண்டு பேர் சாதாரணமாகப் பேசும் ஒலிப்பதிவில் 15 நொடி மட்டும். மூன்று தடவை கேளுங்கள். பிறகு அரை நொடி பின்னால் கூடவே பேசுங்கள், ஐந்து தடவை. ஆறாவது தடவை பதிவு செய்து மூலத்தோடு ஒட்டிக் கேளுங்கள். இரண்டு நிமிடத்தை ஒரே மூச்சில் செய்கிறவர்கள் முணுமுணுப்பில் முடிக்கிறார்கள். 15 நொடி சரியாக வந்தால் அன்றைக்கு அது போதும்.

கொரிய மொழித் திறனைச் சோதிக்கும் வழக்கமான டோபிக் தேர்வில் பேச்சுப் பகுதி இல்லை. பேச்சுக்கான தனித் தேர்வு 2022இல் வந்தது. நான்காம் நிலைச் சான்றிதழ் வைத்திருந்தும் தொலைபேசியை எடுக்கத் தயங்குபவர்கள் இருப்பது அதனால்தான்.

12 அக்டோபர், ஞாயிறு

தொலைபேசி. புரியாதபோது மௌனமாக இருப்பதுதான் பெரிய தவறு. தலையை ஆட்டினாலும் மறுமுனைக்குத் தெரியாது. 'நே, நே' என்று இடையிடையே குரல் கொடுங்கள், நாம் 'ம்' கொட்டுவது போல. 'ஜம்ஷிமான்யோ' (ஒரு நிமிஷம்ங்க) சொல்லி, 'தாஷி ஹான்பொன் மால்ஸும்ஹே ஜுஷிகெஸ்ஸொயோ?' (இன்னொரு தடவை சொல்றீங்களா?) என்பதை யோசிக்காமல் வரும்வரை நூறு தடவை. எண், தேதி, பெயர் மூன்றையும் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள்.

கடைசி அரைமணி கிளம்பும் பேச்சு. வேலை முடித்து, மற்றவர்களுக்கு முன் எழுந்தால் 'மொன்ஜொ துரொகாகெஸ்ஸும்னிதா', நான் முதல்ல கிளம்பறேங்க. வெளிவேலையாகப் போய்த் திரும்புவதானால் 'தானியொ ஓகெஸ்ஸும்னிதா'. 'தானியொ' போய்விட்டு, 'ஓ' வருதல். இருப்பவர்கள் 'தானியொ ஓசேயோ' என்பார்கள்: போயிட்டு வாங்க.