கூலாயிலிருந்து ஜேடிடி ஆட்டத்துக்கு

ஜொகூரின் கூலாய்க் கடைத்தெருவில் ஜேடிடி (ஜொகூர் டாருல் தாக்சிம் கால்பந்து அணி) ஜெர்சிகளை எண்ணிவிட்டு, அரங்கத்திலும் அத்தனை பேர் இருப்பார்கள் என்று கணக்குப் போடாதீர்கள். ரசிகர்கள் குறையவில்லை, போய்வரும் வழிதான் மாறிவிட்டது.

முன்பு ஆட்டம் நடந்த லார்க்கின் அரங்கத்துக்குப் பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். கூலாயில் பஸ் ஏறினால் போதும். 2020இல் திறந்த சுல்தான் இப்ராஹிம் அரங்கம் இஸ்கண்டார் புத்ரியில் இருக்கிறது. 40,000 பேர் உட்காரலாம், வாழை இலைச் சாயலில் கட்டியிருக்கிறார்கள். (இலை போட்டால் முதல் பந்தி நமக்குத்தானே!) ஆனால் சொந்த வண்டி இல்லாத தோட்டத்து ஆளுக்கு அது எட்டாத தூரம்.

யாரும் பேசாத இன்னொரு காரணம் வார விடுமுறை. 2014 முதல் 2024 வரை ஜொகூரில் அரசாங்க அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் வெள்ளி, சனி லீவு. சனி இரவு ஆட்டம் முடிந்து பன்னிரண்டு மணிக்கு வீடு வந்தால், விடிந்ததும் பிள்ளைக்குப் பள்ளி. 2025 ஜனவரி 1இல் லீவு சனி, ஞாயிறுக்குத் திரும்பியது. குடும்பத்தோடு போக சனி ஆட்டம்தான் தோது. வெள்ளி ஆட்டம் இளவட்டங்களுக்குத்தான். சனிக்கிழமை விடியற்காலைப் பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பு) நிற்க வேண்டியவர் வரமாட்டார்.

எல்லா ஆட்டத்துக்கும் கூட்டம் சேராது. 2014 தொடங்கி லீக் கிண்ணம் ஆண்டு தவறாமல் ஜேடிடிக்கே வந்ததால், கடைசி இடத்து அணியோடு மோதும் ஆட்டத்தை வீட்டு டிவியே போதும் என்று விட்டுவிடுகிறார்கள். சிலாங்கூர் அணி வந்தால், ஆசியக் கிளப் போட்டி ஆட்டம் என்றால், வேனில் இடம் பிடிக்கச் சண்டை.

9 மணி ஆட்டத்துக்கு 6.45க்கே வேன் கிளம்பட்டும். செனாயில் இரண்டாவது இணைப்பு நெடுஞ்சாலைக்குத் திரும்புங்கள். டோல் கட்டும் டச் அண்ட் கோ கார்டில் காசு இருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். டோலில் மாட்டினால் பின்னால் ஹார்ன் கச்சேரிதான். டிக்கெட்டை ஒருவர் போனிலேயே வைத்திருக்காமல் முன்னதாகப் பிரித்து அனுப்புங்கள், அந்தப் போன் பேட்டரி செத்தால் பன்னிரண்டு பேரும் வாசலில். பாய்ஸ் ஆஃப் ஸ்ட்ரெய்ட்ஸ் என்ற தீவிர ரசிகர் கூட்டத்தின் பக்கம் பாட்டி, சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம்: அங்கே ஆட்டம் முழுக்க நின்றுகொண்டு பாட்டும் முரசும்தான்.

வேனை மூக்கு வெளியே பார்த்து நிறுத்தச் சொல்லுங்கள். விசில் ஊதியதும் ஓடாமல் இருபது நிமிடம் இருக்கையிலேயே இருங்கள். ஓடியவர்கள் அப்போதும் கார் நிறுத்துமிடத்தில்தான் நின்றுகொண்டிருப்பார்கள்.